கொங்கு நாட்டில் பழைய மெக்கானிக்கல் பென்சில் தேடுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையைச் சுற்றியுள்ள பழைய பொருள் கடைகளிலும் காயலான் கடைகளிலும் பன்னிரண்டு வருடமாகப் பழைய பென்சில் தேடி வருகிறேன். சேர்த்து வைத்ததைப் பார்க்க வருகிறவர்களும், வழியில் பழக்கமானவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

மெக்கானிக்கல் பென்சில் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

மரத்தைச் சீவாமல், உள்ளே லெட் என்ற எழுதுகுச்சியைப் போட்டு எழுதுகிற பென்சில் எல்லாமே இதில் சேரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது மைக்ரோ டிப். டிராயிங் போர்டில் வேலை பார்த்தவர்களுக்குக் கிளட்ச் பென்சில். கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அது "பேனா மாதிரி இருக்குமே, அந்தப் பென்சில்".

உள்ளே இருக்கும் அமைப்பு தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். மிகப் பழையவை திருகு வகை. மூக்கையோ பின்பக்கத்தையோ திருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய தண்டு லெட்டை முன்னே தள்ளும். சிலவற்றில் எதிர்ப்பக்கம் திருகினால் லெட் உள்ளே போகும். சிலவற்றில் தள்ள மட்டுமே முடியும், விரலால்தான் உள்ளே அமுக்க வேண்டும். அடுத்தது கிளட்ச் வகை. நுனியில் மூன்று தாடை இருக்கும். பின்னால் அழுத்தினால் தாடை விரிந்து லெட் வழுக்கி விழும். விரலை அண்டக் கொடுத்து, வேண்டிய நீளத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஒரு அழுத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக லெட் வருகிற கிளிக் வகை. இன்றைக்குக் கடையில் விற்பது இதுதான்.

இதெல்லாம் எத்தனை வருடத்துச் சமாச்சாரம்?

1822-இல் லண்டனில் சாம்ப்சன் மோர்டன், ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்ற இருவரும் லெட்டைத் தள்ளும் பென்சிலுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பிறகு ஹாக்கின்ஸின் பங்கையும் வாங்கிக்கொண்டு மோர்டன் தன் பெயரிலேயே வெள்ளிப் பென்சில்கள் செய்தார். 1915-இல் ஜப்பானில் ஹயகாவா தொகுஜி என்ற உலோக வேலைக்காரர் உறுதியான திருகு அமைப்பு ஒன்றைச் செய்தார். 1923 நிலநடுக்கத்தில் தொழிற்சாலையை இழந்தவர், ஒசாகாவுக்குப் போய் வானொலி செய்ய ஆரம்பித்தார். இன்று டிவி விற்கிற ஷார்ப் கம்பெனிக்குப் பெயர் வந்தது அவர் செய்த அந்தப் பென்சிலில் இருந்துதான். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கீரன் எவர்ஷார்ப் பென்சிலைக் கொண்டு வந்தார்.

எனக்குப் பிடித்த கதை யார்ட்-ஓ-லெட். 1934-இல் லண்டனில் ஆரம்பித்தது. ஒரு பென்சிலுக்குள் 3 அங்குல லெட் 12 அடங்கும். மொத்தம் 36 அங்குலம், அதாவது ஒரு கெஜம். பெயரே அதுதான். துணி அளந்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

1960-களில் ஜப்பானின் பென்டெல் பிசின் கலந்த லெட்டைக் கொண்டு வந்த பிறகுதான் 0.5 மி.மீ. போன்ற மெல்லிய லெட் ஒடியாமல் எழுத ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இருந்தவை கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டவை, அவ்வளவு மெலிதாகச் செய்தால் தாங்காது. கையில் இருக்கும் பென்சில் தடித்த லெட்டுக்கு ஆனதா, மெல்லியதா என்று பார்த்தாலே வயது பற்றி ஒரு குறிப்பு கிடைத்துவிடும்.

கொங்கு நாட்டுக்கு இவை எப்படி வந்தன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையாகப் பதில் சொல்வேன். மற்ற ஊர்களில் பழைய பென்சில் என்றால் ஜமீன்தார் மேசை, வக்கீல் சட்டைப்பை என்று தேடுவார்கள். நம் பக்கம் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வேலைக்கருவிகள்.

1888-இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்தில் இருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்தார்கள். பிறகு பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமெல்லாம் பம்ப்செட்டும் வார்ப்படமும்தான். ஒரு பம்பை வார்க்க வேண்டுமென்றால் முதலில் டிராயிங் வேண்டும். டிராயிங்கைப் பார்த்து மரத்தில் பேட்டர்ன் செய்வார்கள். பேட்டர்னை மண்ணில் அழுத்தி அச்சு எடுத்த பிறகுதான் இரும்பை ஊற்றுவார்கள். ஆகவே நம் தோட்டத்துக் கிணற்றில் ஓடிய ஒவ்வொரு மோட்டாரும் முதலில் யாரோ ஒருவர் பென்சிலால் இழுத்த கோடு.

அந்தக் கோட்டை இழுக்கக் கற்றுக்கொடுக்க 1945-இல் அரசு தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அப்போது அதற்குச் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர். 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956-இல் சி.ஐ.டி. எனும் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. அதே சமயத்தில் 1948-க்கும் 1955-க்கும் இடையில் பவானிசாகர் அணை கட்டினார்கள். அணை, வாய்க்கால், மதகு எல்லாம் வரைபடம் கேட்கிற வேலை. இப்படிச் சேர்ந்த, வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன்கள் கையில் இருந்தவைதான் இன்று நமக்குக் கிடைப்பவை: ஜெர்மனியின் ஸ்டெட்லர் மார்ஸ், பச்சை நிற ஃபேபர்-காஸ்டெல் டிகே 9400, செக்கோஸ்லோவாக்கியாவின் கோஹிநூர் வெர்சாடில். 1990-களில் கணினியிலேயே வரைகிற ஆட்டோகேட் வந்தது. டிராயிங் போர்டும் மினி டிராஃப்டரும் ஸ்டோர் ரூமுக்குப் போயின, அங்கிருந்து எடைக்குப் போயின.

இன்னொரு வழி மலைத் தோட்டங்கள். வால்பாறையிலும் ஏற்காட்டிலும் இருந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் விட்டுப்போன மேசைகளில் ஆங்கிலேய வெள்ளிப் பென்சில்கள் எப்போதாவது வரும். அப்புறம் சிங்கப்பூர், மலேயா போய் வந்தவர்கள் கொண்டு வந்த பார்க்கர், ஷீஃபர் பேனா-பென்சில் ஜோடிகள். அந்த ஜோடியில் பேனாவைப் பேரன் எடுத்துக்கொள்வான், பென்சில் பெட்டியிலேயே கிடக்கும். அதனால் பென்சில் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும்.

சரி, எங்கே போய்த் தேடுவது?

'ஆன்டிக்' என்று போர்டு வைத்த கடைக்குக் கடைசியாகப் போங்கள். அங்கே பித்தளை விளக்கும் மரத்தூணும் கிராமபோனும்தான் முன்வரிசை. பென்சில் இருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

நான் முதலில் போவது பழைய மரச்சாமான் கடைகளுக்கு. நடுவில் முற்றம் விட்ட பழைய தொட்டிக்கட்டு வீடுகளை இடிக்கிறவர்கள் கதவு, நிலை, தூண், மேசை, அலமாரி எல்லாவற்றையும் லாட்டாக எடுத்துக் கொண்டுவந்து போடுவார்கள். மேசையை வாங்குகிறவர் மேல்பலகையைத் தட்டிப் பார்ப்பார், இழுப்பறையை இழுத்துப் பார்ப்பவர் குறைவு. பழைய இழுப்பறையின் பின்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கும். பென்சில் உருண்டு போய் விழுவது அங்கேதான். பெருந்துறைப் பக்கம் ஒரு கடையில் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கையை உள்ளே விட்டபோது ஒரு எவர்ஷார்ப், இரண்டு குண்டூசி, மடித்த ஒரு விதைக்கடை ரசீது மூன்றும் சேர்ந்து வந்தன. கடைக்காரர் ரசீதையும் சேர்த்துக் கொடுத்தார். இன்றும் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

அடுத்தது காயலான் கடை. ஒரு ஃபவுண்டரியோ ஆலையோ மூடும்போது ஆபீஸ் சாமான்கள் கடைசி லோடில் வரும். இரும்புக்குத்தான் அவர்களுக்கு மதிப்பு. டிராயிங் பெட்டி, காம்பஸ், ஸ்கேல் எல்லாம் ஓரமாகக் கிடக்கும். வெல்வெட் வைத்த இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸ் பார்த்தால் திறந்து பாருங்கள். காம்பஸுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் இருந்தால் அது பென்சிலுக்கானதாக இருக்கலாம். பள்ளம் காலியாக இருந்தால் அதே சாக்கில் அடியில் தேடுங்கள்.

பழைய ஸ்டேஷனரி கடைகளை மறந்துவிடாதீர்கள். பொள்ளாச்சி, உடுமலை, கோபி, தாராபுரம் போன்ற ஊர்களின் பழைய கடைவீதியில் அப்பா காலத்துக் கடையை மகன் நடத்திக்கொண்டிருப்பார். அட்டாலியில் ஏற்றி வைத்த அட்டைப்பெட்டிக்குள் விற்காமல் தேங்கிய சரக்கு இருக்கும். ஒரு தடவை அப்படி ஒரு கடையில் பன்னிரண்டு கிளட்ச் பென்சில் கொண்ட முழுப் பெட்டியே கிடைத்தது. ஒன்றில்கூட யாரும் எழுதியதில்லை.

கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம். இன்ஜினியரிங் புத்தகம் போட வருகிறவர்கள் கூடவே டிராயிங் சாமானையும் போட்டுவிட்டுப் போவதுண்டு.

கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது?

"விண்டேஜ் மெக்கானிக்கல் பென்சில்" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ஏனுங்கண்ணா, பழைய டிராயிங் சாமான் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேளுங்கள். "ஓட்டைப் பேனா, நிப்பு இல்லாத பேனா எல்லாம் ஒரு டப்பால போட்டு வெச்சிருப்பீங்களே, அதைக் கொஞ்சம் பார்த்துக்கட்டுங்களா?" என்றால் இன்னும் நல்லது. எல்லாக் கடையிலும் அந்த டப்பா இருக்கும்.

முதல் நாளே பேரம் பேசாதீர்கள். ஒரு டீ சாப்பிட்டு, நாம் எதைத் தேடுகிறோம் என்று ஒரு பென்சிலைக் காட்டிவிட்டு வந்தால் போதும். என்னிடம் இருக்கிற நல்ல பென்சில்களில் பாதி, "நீங்க கேட்ட மாதிரி ஒண்ணு வந்திருக்குதுங்க" என்று போனில் கூப்பிட்டுச் சொல்லிக் கிடைத்தவை.

ஒரு கேள்வியை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: இது யார் வீட்டில் இருந்து, எந்தக் கம்பெனியில் இருந்து வந்தது? அன்றைக்குக் கேட்கவில்லை என்றால் அடுத்த வாரம் கடைக்காரருக்கே நினைவிருக்காது. பதிலை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பென்சிலோடு சுற்றி வையுங்கள்.

கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நுனி. மற்ற எது கெட்டிருந்தாலும் சமாளிக்கலாம், நுனி நசுங்கியிருந்தால் கஷ்டம். கீழே விழுந்த பென்சில் மூக்கில்தான் விழும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

திருகு வகையாக இருந்தால் மெதுவாக இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். சுற்றிக்கொண்டே இருந்து உள்ளே எதுவும் நகரவில்லை என்றால் தண்டு முறிந்திருக்கலாம். அசையவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், கடையில் வைத்துப் பலத்தைக் காட்ட வேண்டாம். கிளட்ச் வகையில் பின்பட்டனை அழுத்தி, மூன்று தாடையும் சமமாக விரிகிறதா என்று பாருங்கள். பட்டன் கழன்று வருகிறதா என்றும் பாருங்கள். பல கிளட்ச் பென்சில்களில் லெட் சீவுகிற கத்தி அந்தப் பட்டனுக்குள்தான் இருக்கும். தெரியாதவர்கள் பட்டன் இல்லாமலே விற்றுவிடுவார்கள்.

கிளிப் வேறு, உடம்பு வேறு என்று ஒட்டுப் போட்டவையும் வரும். கிளிப்பில் ஒரு பெயரும் உடம்பில் இன்னொரு பெயரும் இருந்தால் அது இரண்டு பென்சில்களைச் சேர்த்தது. எழுத வாங்குகிறீர்கள் என்றால் பரவாயில்லை, சேகரிப்புக்கான விலை கொடுக்காதீர்கள்.

வயதை எப்படித் தெரிந்துகொள்வது?

பொறித்திருக்கும் நாட்டின் பெயர்தான் எளிய வழி. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்குப் பிந்தையது, 1990-இல் ஜெர்மனி இணைவதற்கு முந்தையது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் 1993-க்கு முன்னால். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் பொறித்தது கிடைத்தால் உலகப் போர் முடிந்து 1952 வரையிலான சில வருடத்துச் சரக்கு.

ஆங்கிலேய வெள்ளியில் முத்திரைகள் இன்னும் துல்லியமாகப் பேசும். நடக்கிற சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே ஒரு எழுத்து இருக்கும், அது வருடத்துக்கு ஒன்று மாறும். அரசர் அல்லது அரசியின் தலை பொறித்திருந்தால் பெரும்பாலும் 1890-இலோ அதற்கு முன்னாலோ செய்தது, ஏனென்றால் வரி கட்டியதற்கான அந்த அடையாளம் அந்த வருடத்தோடு நின்றுவிட்டது. இவ்வளவும் ஒரு அரிசி நீளத்துக்குள் இருக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளி என்று சொல்லி எடை போட்டு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வெள்ளிப் பென்சிலில் வெள்ளி வெளிக்கூடு மட்டும்தான். உள்ளே இருக்கிற தண்டும் குழாயும் பித்தளையோ எஃகோ. மொத்தமாகத் தராசில் வைத்தால் பித்தளைக்கும் வெள்ளி விலை கொடுப்பீர்கள். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கவும் விடாதீர்கள், ஓரத்தில் விழுந்த கோடு போகாது. முத்திரையைப் படித்தால் போதும். 'ரோல்டு கோல்டு' என்று இருந்தால் பித்தளைமேல் தங்கத்தகடு ஒட்டியது, தங்கம் அல்ல.

எடை வியாபாரத்தில் எனக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. நம் பக்கத்துப் பழைய வெள்ளி, கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்குப் போகும், அங்கே உருக்கப்படும். விளக்கும் தட்டும் குங்குமச்சிமிழும் உருகுவதோடு இந்தப் பென்சில்களும் உருகியிருக்கின்றன. முறிந்த தண்டோடு கிடக்கிற ஒரு மோர்டன் பென்சிலை வெள்ளி வியாபாரி இருபது கிராம் பழைய வெள்ளியாகத்தான் பார்ப்பார், அவர்மேல் தப்பில்லை. வாடிக்கையாகப் போகிற வெள்ளிக்கடையில் "பென்சில் மாதிரி ஏதாச்சும் வந்தா உருக்காம எடுத்து வைங்க, வெள்ளி விலைக்கு மேலேயே தர்றேன்" என்று சொல்லி வையுங்கள். அப்படிச் சொல்லி வைத்ததில் எனக்கு இரண்டு பிழைத்தன.

தந்தத்தில் செய்த பென்சில் வந்தால்?

வாங்காதீர்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும் யானைத் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலும்பு என்று சொல்லி விற்பார்கள். வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் அது தந்தம். எலும்பில் கரும்புள்ளிகளும் சிறு கீற்றுகளும்தான் இருக்கும்.

என்ன விலை கொடுக்கலாம்?

நான் கொடுத்ததைச் சொல்கிறேன். காயலான் கடையில் கிளட்ச் பென்சில் 50 முதல் 150 ரூபாய். ஸ்டேஷனரி கடையில் தேங்கிய பெட்டிச் சரக்கு ஒன்று 200 ரூபாய் விழுந்தது. நல்ல நிலையில் உள்ள ஜெர்மன் பென்சிலுக்கு ஆன்டிக் கடையில் 800 வரை கொடுத்திருக்கிறேன். வெள்ளிப் பென்சில் ஒன்றுக்கு மட்டும் 4,500, அதுவும் இரண்டு மாதம் யோசித்த பிறகு. வேலை செய்யாத பென்சிலுக்கு வேலை செய்கிற பென்சிலின் விலையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கொடுப்பதில்லை.

லெட் கிடைக்குமா?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது, பலரும் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

கிளட்ச் பென்சில்களில் பெரும்பாலானவற்றுக்கு 2 மி.மீ. லெட். டிராயிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 0.9, 0.7, 0.5 ஆகியவையும் கிடைக்கும். சிக்கல் 1.18 மி.மீ. அங்குலக் கணக்கில் 0.046. பழைய ஆங்கிலேய, அமெரிக்கத் திருகுப் பென்சில்களில் பாதிக்கு மேல் இந்த அளவுதான். உள்ளூர்க் கடையில் கிடைக்காது, ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். 0.9 போட்டால் நழுவும், 1.3 போட்டால் நுழையாது, பலவந்தமாகத் தள்ளினால் மூக்கு பிளக்கும்.

ஓட்டையை எப்படி அளப்பது? அதற்கு நம் ஊரைப்போல வசதியான ஊர் கிடையாது. தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. 1.1, 1.2 மி.மீ. டிரில் பிட்டுகளின் பின்தண்டைக் கையால் மெதுவாக வைத்துப் பார்த்தால் எது நுழைகிறது, எது நுழையவில்லை என்று தெரிந்துவிடும். உள்ளே பழைய லெட் துண்டு இருந்தால் இன்னும் எளிது, வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்துவிடலாம். ஆகவே பழைய துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய லெட் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. எப்படி எடுப்பது?

முதலில் திருகை முழுவதும் முன்னால் ஓட்டிப் பாருங்கள், சில பென்சில்களில் தானாகவே தள்ளிவிடும். வரவில்லை என்றால் ஓட்டையைவிட மெல்லிய டிரில் பிட்டை விரல்களுக்கு நடுவில் பிடித்து, கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். லெட் பொடிப்பொடியாக உதிரும். டிரில் மிஷினில் மாட்டிச் செய்யாதீர்கள், சுவர் ஓட்டையாகிவிடும். குண்டூசியை வைத்துக் குத்தினால் பொடி இன்னும் இறுகும்.

திருகு அசையாவிட்டால், முழுக்க உலோகத்தால் ஆன பென்சிலாக இருந்தால் மட்டும், மூக்குப் பக்கம் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம். கிளட்ச் தாடைக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய் பட்டால் லெட் பிடிக்காமல் வழுக்கும்.

ஒரு பாகமே காணோம். தூக்கிப் போட வேண்டியதுதானா?

இல்லை. ஒரு வெர்சாடில் பென்சிலைப் பின்பட்டன் இல்லாமல் வாங்கினேன். கணபதியில் லேத் ஓட்டும் பழக்கமான ஒரு டர்னரிடம் கொண்டுபோனேன். "இது பொடுசுங்க, சக்கில் பிடிக்கவே சிரமம்" என்றார். பிறகு அதே வகையில் முழுசாக இருக்கும் இன்னொரு பென்சிலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பட்டனைக் கழற்றி, மரையை அளக்கும் த்ரெட் கேஜ் வைத்துப் பார்த்தார். பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, அரைமணி நேரத்தில் கடைந்து கொடுத்தார். நிறத்தைத் தவிர மூலத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பித்தளையை அப்படியே விட்டுவிட்டேன், எது பழையது, எது நாம் போட்டது என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

மாதிரிக்கு ஒரு முழுப் பென்சில் இல்லாமல் டர்னரிடம் போகாதீர்கள். பழைய ஆங்கிலேயப் பென்சில்களின் மரை இன்றைய மெட்ரிக் மரையோடு ஒத்துப்போகாது. மரை வெட்டும் புது டையை வைத்து ஒப்பேற்றினால் இரண்டு முறை திருகும்போது மரை தேய்ந்துவிடும்.

சுத்தம் செய்யலாமா?

பீதாம்பரியும் புளியும் கூடவே கூடாது. குத்துவிளக்குக்கு நல்லது, பென்சிலில் தங்கமுலாமையும் முத்திரையையும் சேர்த்துத் தேய்த்துவிடும். சுத்த வெள்ளியாக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பொறிப்பின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பை விட்டுவிடுங்கள், அது இருந்தால்தான் எழுத்து படிக்கத் தெரியும்.

1920, 30-களின் வண்ணப் பென்சில்கள் பல செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. மூடியைக் கழற்றியதும் சூடம் வாசம் அடித்தால் அதுதான். சட்டென்று தீப்பிடிக்கிற பொருள். ஸ்பிரிட் பட்டால் கரையும், சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் கோணும். பூசை அறையில் வைக்காதீர்கள். கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) உடம்பாக இருந்தால் வெந்நீரில் போடாதீர்கள், பழுப்பாகிவிடும். பின்னால் இருக்கிற கல்லாகிப்போன பழைய ரப்பரை எடுத்துவிடுங்கள், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நிதானித்துப் பார்க்கச் சொல்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காயலான் கடையில் மூன்று கிளட்ச் பென்சில் ஒன்றாகக் கிடைத்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அழுக்கேறிய நூல் சுற்றியிருந்தது: ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் வெறும் வெள்ளை. அழுக்கு என்று நினைத்து மூன்றையும் வெட்டிப் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து, பம்ப் கம்பெனியில் முப்பது வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் அவற்றைக் காட்டினேன். கையில் வாங்கியதும், "நூல் எங்கே கண்ணு?" என்று கேட்டார். ஒரே மாதிரி மூன்று பென்சில் வைத்திருந்தால் எதில் எந்த லெட் என்று தெரியாது. அதனால் மெல்லிய கோட்டுக்கு 2எச், அளவுக்கோட்டுக்கு எச், தடித்த வெளிக்கோட்டுக்கு எச்பி என்று லெட்டின் கடினத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பென்சிலுக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டி வைத்துக்கொள்வார்களாம். பார்க்காமலே கை எடுக்கும் என்றார். எந்த நிறம் எதற்கு என்பது அவரவர் வழக்கம். அந்த மூன்று பென்சிலின் சொந்தக்காரருடைய வழக்கம் என் கத்திரிக்கோலோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு நூலையும், ஒட்டிய காகிதத்தையும், கீறிய பெயரையும் நான் எடுத்ததில்லை.

எழுதலாமா, அல்லது அப்படியே வைக்க வேண்டுமா?

எழுதுங்கள். எழுத எழுதத்தான் திருகு இளகும், தாடை ஒட்டாமல் இருக்கும். பெட்டியோடு வந்த எழுதாத பென்சிலை மட்டும் நான் தொடுவதில்லை.

கிளட்ச் பென்சிலில் எழுதப் பழகாதவர்களுக்கு முதலில் கோடு பட்டையாக வரும். எழுதும்போதே பென்சிலை விரல்களில் மெல்ல உருட்டிக்கொண்டே வாருங்கள், முனை ஒரே பக்கம் தேயாது. டிராயிங் போர்டில் உட்கார்ந்தவர்களின் கையைப் பார்த்தால் தெரியும். கோடு இழுக்கும்போது பென்சில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போகும்.

எங்கள் அப்பாருடைய (தாத்தாவுடைய) பென்சில் ஒன்று வீட்டில் இருக்கிறது. விற்றால் என்ன கிடைக்கும்?

மாதம் ஒருவராவது இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கிளட்ச் பென்சில்தான், கடைக்குப் போனால் நூறு ரூபாய்க்கு மேல் தர மாட்டார்கள். நான் வாங்குவதில்லை. பென்சிலைக் கையில் வாங்கி, பட்டனைக் கழற்றிக் கத்தி இருக்கிறதா என்று பார்த்து, என்னிடம் இருக்கும் 2 மி.மீ. லெட்டில் இரண்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்பார் எந்தக் கம்பெனியில், எந்த வருடம் வரை வேலை பார்த்தார், என்ன வரைந்தார் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதையும் சுற்றித் தருவேன். போன வைகாசியில் வந்த ஒரு பெண்ணுக்கு அப்பார் பம்ப் கம்பெனியில் இருந்தார் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் போன் செய்தார். அப்பார் வரைந்த மோட்டார் இன்னும் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.